கைதட்டாதவள்

மேடையில் யாராவது ஓர் அறிவிப்பைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். அது ஒரு பழக்கம். பேசியது புரிந்ததா, பிடித்ததா என்பதெல்லாம் அப்புறம். நான் பாதி ஆயுசைப் பத்திரிகை நிருபராகக் கழித்தவன். குறிப்பெடுக்கும் பேனாவை வாயில் கவ்விக்கொண்டுகூடக் கைதட்டியிருக்கிறேன். அவள் தட்டமாட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பேசியவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

"ஒப்புக்காச்சும் ரெண்டு தட்டு தட்டும்மா. எல்லாம் பாக்கிறாங்க" என்று ஒருமுறை அவள் காதருகே சொன்னேன்.

"செய்யட்டும் அண்ணே, அப்பத் தட்டுறேன். கை எங்கயும் போயிடாது லா" என்றாள்.

ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பத்திரிகை என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அறிக்கை எழுதித் தருகிற ஆளாக அங்கே சேர்ந்தேன். அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள், செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடலில் இன்ன இடத்தைப் பாதுகாக்கப் போகிறோம், அங்கே வலை விடக் கூடாது, பவளப்பாறையைத் தொடக் கூடாது என்று அரசாங்கங்களும் பெரிய பெரிய அமைப்புகளும் மாநாடுகளில் வாக்குக் கொடுக்கும். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதுவது எங்கள் பிழைப்பு. இணையத்தில் இதற்கென்று ஒரு வரைபடம் உண்டு. பேச்சோடு நிற்கிற இடத்துக்குச் சாம்பல் நிறம். சட்டமாகி, காவலும் வந்து, பாதுகாப்பு உண்மையாகவே நடக்கிற இடத்துக்கு நீலம். வெளிநாட்டிலிருந்த தலைமை அலுவலகத்துக்கு நீலம் என்றால் கொள்ளைப் பிரியம். நம் கரைப்பக்கம் அவள் பொறுப்பில் இருந்ததால் அது பெரும்பாலும் சாம்பலாகவே கிடந்தது.

"உன் கடலப் பாத்தா எங்கம்மா அடுப்பு ஞாபகம்தாம்மா வருது" என்று எங்கள் மேலாளர் கேலி செய்வார். நல்ல மனிதர். ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

அவளை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. சாயங்காலம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு "போறேன் அண்ணே" என்பாள். எங்கள் உம்மா இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது போறேன் என்பார்களா? போயிட்டு வாரேன் என்று சொல்வதுதானே மரியாதை? மறுநாளும் அப்படியே சொன்னாள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நாளைக்கு வருவேனான்னு எனக்கே தெரியாது அண்ணே. வந்தா நீங்களே பாக்கப் போறீங்க" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

எந்தக் காரியத்துக்கும் அவள் வாயிலிருந்து ஒரு வாக்கு வாங்க முடியாது. என் மகளின் நிக்காஹ்வுக்கு வீட்டுக்காரியோடு போய் அழைத்தேன். "வாரியாம்மா?" என்று என் மனைவி மூன்று தடவை கேட்டாள். "முடிஞ்சா தெரியும் அக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. படியிறங்கும்போது என் மனைவி முகம் வாடிவிட்டது. "என்னங்க இந்தப் புள்ள, சும்மாவாச்சும் வாரேன்னு சொல்லப்படாதா?" என்றாள். கல்யாணத்தன்று சூரியன் எழும்புவதற்கு முன்னால் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால், பிரியாணிக்காரர்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எப்போது வந்தாள், யார் உள்ளே விட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என் மனைவிக்கு அவள் சொந்தத் தங்கச்சி ஆகிவிட்டாள்.

தைப்பூசத்துக்கு மட்டும் ஆபீசில் யார் கூப்பிட்டாலும் இருக்கமாட்டாள். காவடி எடுப்பவர்களைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் எடுத்ததில்லை. "சாமிக்கு நேந்துக்கிட்டா நம்ம சனங்க கடன ஒடன வாங்கியாச்சும் செஞ்சிடுறாங்க அண்ணே. மனுசனுக்குச் சொன்னதத்தான் மறந்துடுறாங்க. அதனாலதான் போயிப் பாக்கிறேன்" என்றாள். அது பக்தியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இனி அந்தத் தீவுகளின் கதைக்கு வருகிறேன்.

லூமுட்டுக்கு அப்பால் கடலில் சில சின்னத் தீவுகள் உண்டு. பெயர் வேண்டாம். அவற்றைச் சுற்றியுள்ள பாறைப்பகுதியைப் பாதுகாக்கப் போவதாக லூமுட்டில் ஒரு ஹோட்டலில் விழா வைத்து அறிவித்தார்கள். தோரணம், பலூன், தேங்காய்ப்பால் போட்ட குவே பலகாரம் எல்லாம் இருந்தன. அன்றும் எல்லாரும் தட்டினோம். கேள்வி நேரத்தில் அவள் எழுந்து, மலாயில் மரியாதையாக ஒன்று கேட்டாள். "நாளைக்குக் காலையில ஓர் இழுவைப் படகு அங்க வந்தா, பாக்கிறவங்க யாரக் கூப்பிடணும்?" மேடையில் இருந்த அதிகாரி சிரித்தார். அறிவிப்புப் பலகையில் ஒரு நம்பர் இருக்கும் என்றார். பலகை வந்தது. நம்பரும் இருந்தது. அதற்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இல்லை.

சில மழைக்காலங்கள் போயின. பெரிய மாநாடு ஒன்று நெருங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளருக்கு அழுத்தம். எல்லை குறித்தாயிற்று, பலகை வைத்தாயிற்று, அந்த இடத்துக்கு நீலம் போட்டுவிடலாமே என்றார்கள். எது சட்டமானாலும் அரசாங்கத்தின் கெஸட்டில் வர வேண்டும்; அவள் அதைத் தேடிப் பார்த்தாள். அந்தத் தீவுகள் பற்றி அதில் ஒரு வரி இல்லை. விசாரித்தால் 'நடவடிக்கையில் இருக்கிறது' என்ற பதில். "அப்ப நேர்ல போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று கிளம்பினாள். வழித்துணைக்கு நானும் போனேன்.

அந்தத் தீவுகளுக்கு எதிர்க்கரையில் ஒரு மலாய்க்கார மீனவக் கம்போங், சின்னக் கிராமம், இருக்கிறது. அங்கே ஒரு பெரியவரின் படகைப் பேசி ஏறினோம். பாக்சிக் என்றுதான் அவரைக் கூப்பிட்டோம்; மலாயில் மாமா என்று அர்த்தம். அறுபது தாண்டிய மனிதர், வெயிலில் கறுத்த முகம், வாயோரத்தில் எப்போதும் அணைந்த சிகரெட்.

எனக்குக் கடல் ஆகாது. படகு ஆடுகிற ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தேன். தீவை நெருங்கியதும் அவள் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீருக்குள் தலையை விட்டாள். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. பயந்துபோய் முதுகைத் தட்டினேன். நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒரு வலை இல்ல. ஒரு தூண்டிக் கயிறுகூட இல்ல. மீனு கூட்டம் கூட்டமா நிக்குது. என்னப் பாத்து ஓடக்கூட மாட்டேங்குது. சின்னச் சின்னதா புதுசா பவளம் வந்திருக்கு அண்ணே!"

சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு படகு இல்லை. காவல் படகும் இல்லை. "அப்ப நீலம் போட்டுடலாம்" என்றேன். எனக்கு எப்போது கரையேறுவோம் என்று இருந்தது.

அவள் பாக்சிக்கிடம் கேட்டாள். அவர்கள் பேசியது மலாயில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"இங்க ஏன் பாக்சிக் ஒருத்தரும் வலை போடல?"

அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "மூடியாச்சேம்மா. சட்டம் வந்திருச்சே."

"யாரு சொன்னா?"

"பெரிய ஆளுங்க வந்தாங்க. வெள்ளிக்கிழமத் தொழுகை முடிஞ்சு, பள்ளிவாசல் முன்னாடி நின்னு எங்க எல்லாருக்கும் சொன்னாங்க. இந்த எடத்தப் பாதுகாக்கிறோம், நீங்களும் ஒத்துழைக்கணும்னாங்க. சரின்னோம். அன்னியோட நிறுத்திட்டோம்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "இன்னும் சட்டம் ஆகலேன்னா?"

அவர் சிரித்துவிட்டார். "பள்ளிவாசல் முன்னாடி நின்னு சும்மா யாராச்சும் சொல்வாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நானும் அந்த வாசலை அறிந்தவன்தான். அங்கே சொன்ன சொல் அவர்களுக்குக் கெஸட்டைவிடப் பெரியது. திரும்புகிற வழியில் அவரே மற்றதையும் சொன்னார். பாறையில் பிடிக்க முடியாததால் கம்போங்காரர்கள் எல்லாரும் தீவுகளுக்கு வெளியே தூரக் கடலுக்குப் போகிறார்கள். சின்னப் படகுகள். காற்றுக் காலத்தில் ஒரு படகு கவிழ்ந்து, அவருடைய மருமகன் விடியும்வரை ஒரு படகுப் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறான். இரண்டு முறை வெளியூர் இழுவைப் படகுகள் பாறைப்பக்கம் வந்தபோது இவர்களே போய்க் கத்தி விரட்டியிருக்கிறார்கள். இரண்டாம் முறை அந்தப் படகுக்காரன் பாராங் கத்தியைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். பலகையிலிருந்த நம்பருக்குப் போன் போட்டார்களாம். பெரிய ஆட்களுக்கு வேலை அதிகம், அதனால் எடுக்கவில்லை என்றார் பாக்சிக். அதைக் குறையாகவே சொல்லவில்லை. கரையேறியதும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் டீ கொடுத்தார்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள். அவள் கார் ஓட்டினாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க தோட்டம் கைமாறினப்ப எனக்கு விவரம் தெரிஞ்ச வயசு அண்ணே. கூலி லயத்துல இருந்தவங்களுக்கெல்லாம் வீடு கட்டித் தாரோம்னு மாரியம்மன் கோயில் வாசல்ல, திருவிழா அன்னிக்கு, மாலைய வாங்கிப் போட்டுக்கிட்டுச் சொன்னாங்க. கோயில் வாசல்ல சொன்னா யாரு சந்தேகப்படுவா? அவங்க கட்டித் தர்ற தாமான் வீட்டுல மாடு கட்ட முடியாதில்ல? அப்பா மாட்ட வித்துட்டாரு. கொட்டாயப் பிரிச்சாரு. லயத்துல எல்லாருமே வித்தாங்க."

"வீடு?"

"வரல. ரப்பர் பால்மரத்த வெட்டினாங்க, வேலையும் போச்சு. மாடு இருந்திருந்தா பால வித்தாச்சும் பொழைச்சிருப்போம். அப்பா காலையில எந்திரிச்சு, கொட்டாய் இருந்த எடத்துல போயி நிப்பாரு. ஒண்ணும் செய்யமாட்டாரு. நிப்பாரு." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள். "சொன்னவங்கமேல எனக்குக் கோவம் போயிடுச்சு அண்ணே. கணக்கு எழுதுற ஆபீஸ் கிராணிக்கு அப்பவே தெரியும், ஒண்ணும் கையெழுத்தாகலன்னு. எங்கப்பாவோட உக்காந்து டீ குடிச்சவரு. மாட்ட விக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அவருமேலதான் இன்னும் ஆறல."

அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நீலம் கிடையாது என்றதை அவர் எதிர்பார்த்திருந்தார். கம்போங்குக்குத் திரும்பப் போய், சட்டம் இன்னும் வரவில்லை என்று அவர்களிடம் சொல்லப் போகிறேன் என்றதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உனக்குப் பைத்தியமா? நீ போயிச் சொன்னா மறுநாளே உள்ள போயிடுவாங்க லா. இத்தன மழைக்காலமா வளந்தது ஒரே மாசத்துல காலி. கடலுக்காகத்தானே இந்த ஆபீஸே இருக்கு? கெஸட்டு வந்திரும். அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தா யாருக்கு என்ன நட்டம்?"

நானும் மேலாளர் பக்கம்தான் பேசினேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் பேசுவேனோ என்னவோ. யாரையும் ஏமாற்றுகிற நோக்கம் எங்களுக்கு இல்லை. தானாக நடக்கிற ஒரு நல்ல காரியத்தை வலியப் போய்க் கெடுப்பானேன் என்றுதான் தோன்றியது.

"கெஸட்டு எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"வரும்."

"எப்ப?"

மேலாளர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"அந்த மீன நான் கண்ணால பாத்தேன். உங்க ரெண்டு பேரையும்விட எனக்குத்தான் அது வேணும்" என்றாள். "ஆனா காத்துல இன்னொரு படகு கவுந்தா? பாராங்கு தூக்கினவன் வெட்டிட்டா? சட்டம் பின்னாடி நிக்குதுன்னு நம்பித்தானே அவங்க முன்னாடி போறாங்க. இல்லேன்னு தெரிஞ்சவங்க நாம. நம்மளும் டீ குடிச்சிட்டு வந்துட்டோமே அண்ணே, அவங்க வீட்டுல."

கடைசி வாக்கியம் எனக்குத்தான். மேலாளருக்கு அது புரியவில்லை.

அந்த வார இறுதியில் போனோம். படகுத்துறையில் மீன் நிறுக்கிற கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அவள் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "அந்த எடம் இன்னும் சட்டப்படி மூடல. நீங்க மீன் புடிக்கிறத யாரும் தடுக்க முடியாது. அதே மாதிரி, வெளியூர்ப் படக விரட்டுறதுக்கும் உங்களுக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாரும் வரமாட்டாங்க. இது உங்களுக்குத் தெரியணும்."

பாக்சிக் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அப்ப அவங்க எதுக்கும்மா பள்ளிவாசலுக்கு வந்தாங்க?" என்று கேட்டார்.

கவிழ்ந்த படகிலிருந்து பிழைத்த மருமகன் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான்.

"மூடினா நல்லதுதான்னு நான் நெனைக்கிறேன்" என்று அவள் சொன்னாள். "நீங்க காப்பாத்தினதத் தண்ணிக்குள்ள பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு. இனிமே நீங்கதான் முடிவு பண்ணணும். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

அன்று லூமுட்டிலேயே தங்கினோம். காலையில் அவள் மறுபடி துறைக்குப் போக வேண்டும் என்றாள். வேண்டாம்மா என்றேன். கேட்கவில்லை. நாங்கள் போனபோது படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வழக்கத்தைவிட வெகு சீக்கிரம். தூரக் கடலுக்குப் போகவில்லை, பாறைக்கே போயிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. துறையில் திருவிழாக் களை. சிரிப்பும் கூச்சலுமாகக் கூடைகளை இறக்கினார்கள். பாக்சிக்கின் மருமகன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கடல், அவர்கள் வயிறு.

பாக்சிக் ஒரு பெரிய கெராப்பு மீனைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய கெராப்பை நான் ஈப்போ மீன் பாசாரில் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவள் கையில் கொடுத்தார். "நீ உண்மையச் சொன்ன. வெறுங்கையோட போகாத" என்றார்.

வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் அந்த இடம் சாம்பலாகவே நின்றது. அறிக்கையில் அவள் எதையும் மறைக்கவில்லை; கம்போங்காரர்களிடம் தான் போய்ச் சொன்னதையும் எழுதினாள். தலைமை அலுவலகத்துக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு நிதி உதவி நின்றது, மாடி அலுவலகம் மூடப்பட்டது. அவள் தெலுக் இந்தான் பக்கம் வேலை கிடைத்துப் போனாள். கெஸட் வந்ததா என்று நான் அவ்வப்போது பார்க்கிறேன். இந்த வாரம்கூடப் பார்த்தேன். வரவில்லை.

அவளை நினைத்தால் எனக்குக் கண்முன்னால் வருவது அந்த மீனை வாங்கிய நாளின் மத்தியானம்தான். அவள் தங்கியிருந்த வாடகை அறையில் அடுப்பு கிடையாது. அதனால் மீனோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தோம். என் மனைவி அரிவாள்மணையை எடுத்தாள். "குடுங்க அக்கா, நான் அறுக்கிறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள். தோட்டத்துப் பெண், பழகிய கை. செதிலைச் சுரண்டினாள், வயிற்றைக் கீறினாள். உள்ளே முழுக்கச் சினை. ஆரஞ்சு நிறத்தில், இரண்டு கை கொள்ளாத அளவுக்கு. அப்படியே கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். என் மனைவி, "ஆத்தாடி, எவ்வளவு முட்டை!" என்று பாத்திரத்தை நீட்டினாள். அவள் அதில் வைத்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, புளி கரைத்து, தேங்காய் அரைத்து, அவளே குழம்பு வைத்தாள். அந்தச் சினையையும் போட்டாள்.

மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் நிதானமாகச் சோற்றைப் பிசைந்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிடச் சாப்பிடக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

நடந்தது எதுவும் என் மனைவிக்குத் தெரியாது. பதறிப்போய்க் கேட்டாள்.

"ஏம்மா அழுவுற? கொழம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு அக்கா" என்றாள் அவள். "அதான்."